கிண்ணியாவுக்குக் கடலால் வந்த மாப்பிள்ளை

கிண்ணியாவுக்குப் பாலம் போட்ட பிறகும் மாப்பிள்ளையைக் கடலால்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற ஒரே மனிதர் எங்கள் ஸெய்னுதீன் ஹாஜியார். திருகோணமலை டவுனிலிருந்து காரில் போனால் குடித்த தேத்தண்ணியின் சூடு ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் ஹாஜியார் புதிதாக ஒரு உல்லாசப் படகு வாங்கியிருந்தார். யொட் என்றுதான் இங்கே சொல்வோம். வெள்ளை வெளேரென்ற உடம்பு, உயர்ந்த பாய்மரம், விலாவில் ‘மர்ஜான்’ என்று பெயர். வாங்கியதை நாலு பேருக்குக் காட்டாவிட்டால் அவருக்கு நித்திரை வராது. தங்கச்சி மகன் அஸாமுக்குக் கலியாணம் வந்தது, காட்டுவதற்குச் சாட்டும் வந்தது.

அஸாம் பெண் எடுத்தது கிண்ணியாவில். ஷிஃபானா என்று பெயர். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் அங்கேயே குடியிருப்பார். போகிறதுதான் போகிறான், ராசா மாதிரிப் போகட்டும் என்பது ஹாஜியாரின் தீர்ப்பு.

மர்ஜானை ஓட்டுகிறவள் நான், சாம்பல்தீவு கௌசிகா. மாலைதீவில் சுற்றுலாப் படகுகளில் வருடக்கணக்காக வேலை செய்து, லைசன்ஸும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவள். எனக்குக் கோபம் கொஞ்சம் கூட. கொஞ்சம் என்பது என் கணக்கு, எங்கள் வீட்டில் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள்.

கலியாணத்தன்று காலையில் கடற்படையிடம் அனுமதி எடுத்துக்கொண்டு வந்த கையோடு ஹாஜியார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“கௌசிகா, இன்டைக்கு ஒரு கீறல் இல்லாம கொண்டுபோய்க் கட்டிக் காட்டுங்க. சீசன் முழுக்க மர்ஜான் உங்கட கையிலதான். கீறல் பட்டா, காலி டவுனில ஒரு கப்டன் வாறதுக்கு ரெடியா இரிக்கார். ஆம்பிள. பிறகு என்னில மனவருத்தப்படப் படாது.”

“கீறல் பட்டா நீங்கள் சொல்லத் தேவையில்லை ஹாஜியார். நானே இறங்கிப் போறன்,” என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த ‘ஆம்பிள’ என்ற சொல் என்னை உசுப்பிவிட்டது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, எனக்கு மர்ஜான் வேண்டும். மாலைதீவில் எத்தனை படகு ஏறினாலும் கடைசிவரை உதவிக் கப்டன்தான். மற்றவன் சுக்கானைப் பிடிப்பான், நான் கயிறு சுருட்டுவேன். என் ஊர்க் கடலில், என் கையில் ஒரு சுக்கான் என்று கிடைத்தது இதுதான் முதல் தடவை. இதை ஒரு காலிக்காரனிடம் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னேரம் புறப்பட்டோம். அஸாம் வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக நடுவில் இருந்தார். பக்கத்தில் அவருடைய தாய் ஜெமீலா மாமி. சுற்றிவரச் சொந்தக்காரர், ஆளுக்கொரு போன். எனக்கு உதவிக்கு ரஜீவன் அண்ணை. சல்லி என்ற ஊர்க்காரர், வயதில் எனக்கு மூத்தவர், கடலில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும் ஹாஜியார் இருமினாலே பயப்படுகிறவர். கச்சான் காற்று நல்ல மூச்சோடு வீசியது. பாயை விரித்ததும் மர்ஜான் சரிந்து பாய்ந்தது. பெண்கள் ஒரு தரம் அலறி, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. படகு ஓடுகிறபோது எனக்கு யார் மேலும் கோபம் வராது.

கிண்ணியாக் கரையில் நாங்கள் போக வேண்டிய ஜெட்டி கடலுக்குள் நீண்டு, முனையில் குறுக்காக ஒரு கொங்கிறீட் மேடையோடு முடியும். அந்த மேடையோடு மர்ஜானைப் பக்கவாட்டில் அணைக்க வேண்டும். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று, அணையவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு வழி இருக்கிறது. அணியத்திலிருந்து, அதாவது படகின் முன்மூக்கிலிருந்து, ஒரு கயிறு எறிவோம். கரையில் நிற்பவர் அதை இரும்புக் கட்டையில் மாட்டினால் போதும், மிச்சத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். கரையில் நிற்பவர் இழுக்க மட்டும் கூடாது. இழுத்தால் முன்மூக்கு நேரே கொங்கிறீட்டில் போய் முட்டும்.

முதல்நாளே நான் போய் ஆழம் அளந்து, பெண்ணின் தம்பி ஸாஜித்தை அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லியிருந்தேன். “மாட்டிப்போட்டுக் கையை எடுங்கோ தம்பி. இழுக்கிற வேலை வேண்டாம்.” நல்ல பிள்ளை, ஓம் அக்கா என்று இரண்டு தரம் தலையாட்டினான்.

நான் யோசிக்காமல் விட்டது அவனுக்குப் பின்னால் நிற்கப் போகிறவர்களை. பெண்ணின் தகப்பன் கலீலுர் றஹ்மான் கரைவலைச் சம்மாட்டி, வலைக்கும் ஆட்களுக்கும் முதலாளி. கடலில் வளைத்துப் போட்ட பெரிய வலையை, இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆள் நின்று கரைக்கு இழுக்கிற தொழில். அந்தக் கரைகளில் கயிற்றைக் கண்டால் யாரும் கை கட்டிக்கொண்டு நிற்பதில்லை. வழியால் போகிறவர்கூடச் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து ஒரு கை கொடுப்பார், கொடுக்காமல் போனால்தான் மரியாதைக்கேடு. அன்றைக்குச் சம்மாட்டி வீட்டுக் கலியாணம். அவருடைய இழுப்பாட்கள் அத்தனை பேரும் புதுச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக ஜெட்டியில் நின்றார்கள்.

கிட்டப் போகப் போக றபான் மேளச் சத்தம் காதை அடைத்தது. பெண்கள் குரவை போட்டார்கள். படகில் இருந்தவர்கள் எல்லோரும் படம் எடுக்க எழும்பி ஒரே பக்கத்துக்கு ஓடினார்கள். மர்ஜான் சாய்ந்தது.

“எல்லாரும் நடுவுக்கு வாங்கோ. கவிண்டா முதல்ல நனையிறது மாப்பிள்ளைதான்,” என்று கத்தினேன்.

ஜெமீலா மாமி மகனின் சட்டையைப் பிடித்து இருத்தினார். மற்றவர்களும் இருந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்து, காற்றுக்கு முகம் கொடுத்து, மெல்ல மெல்ல அணைத்தேன். ரஜீவன் அண்ணை கயிறு எறிந்தார். அழகான எறி. ஸாஜித் எட்டிப் பிடித்து, குனிந்து, சொன்ன மாதிரியே கட்டையில் மாட்டப் போனான்.

அவன் மாட்டி முடிக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் கயிற்றைக் கண்டார்கள், கை வைத்தார்கள், காலை ஊன்றி இழுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட யோசித்திருக்க மாட்டார். மர்ஜானின் மூக்கு விசுக்கென்று கரைப் பக்கம் திரும்பியது.

“இழுக்க வேண்டாம்” என்று நானும் கத்தினேன், ரஜீவன் அண்ணையும் கத்தினார். றபானுக்கு மேலே எங்கள் சத்தம் எங்கே கேட்கும். கொங்கிறீட் விளிம்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கை தானாகவே லீவரில் போனது. றிவேர்ஸ் போட்டு ஒரு உறுமு உறுமினால் படகு நின்றுவிடும், பெயின்ட் தப்பிவிடும், மர்ஜானும் எனக்குத் தப்பிவிடும்.

அந்த நேரத்தில்தான் ஸாஜித்தின் முகத்தைக் கண்டேன். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கயிறு பாதி மாட்டியபடி இறுகிக் கிடந்தது. கயிற்றுக்கும் இரும்புக்கும் நடுவில் அவனுடைய விரல்கள்.

நான் றிவேர்ஸ் போட்டால் இத்தனை தொன் படகும் அந்த விரல்களில் தொங்கும். மாலைதீவில் ஒருவனுக்கு அப்படி நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். லீவரை முன்னுக்குத் தள்ளினேன்.

மர்ஜான் கரையை நோக்கிப் பாய்ந்தது. கயிறு தொய்ந்தது. ஸாஜித் கையை உருவி எடுத்தான். இழுத்துக்கொண்டிருந்தவர்கள் பிடி தளர்ந்து, புதுச் சாரத்தோடு வரிசையாகப் பின்பக்கம் விழுந்தார்கள். அதே கணத்தில் முன்மூக்கு கொங்கிறீட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. என் பல்லெல்லாம் கூசியது.

“கயித்தை விடுங்கோ அண்ணை.”

ரஜீவன் அண்ணை கயிற்றை அவிழ்த்து எறிந்தார். கச்சான் எங்களைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனது. றபான் நின்றுவிட்டது.

ஹாஜியார் பின்பக்கம் சொந்தக்காரருக்கு நடுவில் நின்றவர். விரலை அவர் காணவில்லை, என் கையை மட்டும் கண்டிருக்கிறார். முகம் கறுத்துப்போய் வந்து நின்றார்.

“முட்டப் போற நேரத்தில முன்னுக்குக் குடுத்த ஆள நான் இன்டைக்குத்தான் காணுறன்.”

“ஹாஜியார், அங்க ஸாஜித்ட கை...”

“கை கால் எண்டு எனக்கு காரணம் சொல்லாதீங்க.”

அதோடு என் வாய் பூட்டிக்கொண்டது. கேட்கிறவருக்குத்தானே சொல்லலாம். அவர் எனக்கு முன்னாலேயே போனை எடுத்துக் காலிக்கு அடித்தார். “கப்டன், நாளைக்கே வாங்க” என்று சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் விளங்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். கண்ணுக்குள் நீர் முட்டியது, அழுகையில் பாதி கோபம். கலங்கிய கண்ணோடு சுக்கான் பிடிக்க ஏலாது என்று புறங்கையால் துடைத்துவிட்டேன்.

“மாப்பிள்ளைய ஒரு மீன் வள்ளத்தில ஏத்திக் கரையில இறக்குவம்,” என்றார் ஹாஜியார்.

ஜெமீலா மாமி எழும்பினார். “என்ட மகன் மீன் நாத்தத்தோடயா பொண்ணூட்டுப் படி ஏறுற? நானா, கப்பல் கப்பல் எண்டு துள்ளினது நீங்க. கப்பலாலயே இறக்குங்க. அங்க நிக்காஹ் செய்ய லெப்பை காத்துக்கிட்டு இரிக்கார்.”

ஊரையே அதட்டுகிற ஹாஜியார் தங்கச்சிக்கு முன்னால் தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்தார்.

“இறக்கித் தாறன்,” என்றேன். “பிறகு உங்கட காலிக்காரர் வரட்டும்.”

அவர் முன்பக்கம் போய், குப்புறப் படுத்துக் கீறலைத் தேடத் தொடங்கினார். எனக்கு அதுவும் நல்லதாய்ப் போனது. கரையைப் பார்த்தேன். விழுந்தவர்கள் எழும்பி, சாரத்தைத் தட்டிக்கொண்டு, மறுபடி ஜெட்டி முனைக்கு வந்து நின்றார்கள். இன்னொரு கயிறு எறிந்தால் இன்னும் பலமாக இழுப்பார்கள், அது அவர்கள் கையில் ஊறினது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இழுக்காதே என்று ஏன் மல்லுக்கட்ட வேண்டும், இழுக்கட்டுமே.

நங்கூரம் போட்டுவிட்டு, பின்பக்கத்தால் கரைக்குப் போனால் என்ன? முன்னால் நங்கூரம் கடலடியைக் கவ்விக்கொண்டிருக்கும். சங்கிலியை நாங்கள் விடுகிற அளவுக்குத்தான் படகு கரைக்குப் போகும், அதற்கு மேல் ஊரே சேர்ந்து இழுத்தாலும் அசையாது. காற்றுக்கு முதுகைக் கொடுத்துப் போனால் மூக்கு அங்குமிங்கும் ஓடவும் ஓடாது. ஒரே ஒரு சிக்கல். பின்பக்கத்து இரண்டு மூலையிலும் இரண்டு கயிறு, இரண்டையும் ஒரே அளவில் இழுக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் படகு கோணிவிடும். இரண்டு கயிற்றைச் சமனாக இழுப்பதற்கு உலகத்தில் இவர்களைவிட்டால் வேறு யார்?

சம்மாட்டிக்குப் போன் போட்டேன்.

“கலீல் நானா, நான் கௌசிகா. முதல்ல சொல்லுங்கோ, தம்பிட கை எப்பிடி?”

“ரெண்டு விரல் வீங்கிப் போச்சு. ஒடயல்ல, அல்ஹம்துலில்லாஹ். நம்மட பயலுகள்தான் வெக்கத்தில நிக்கிறானுகள்.”

“வெக்கப்பட நேரமில்லை. அவையை ரெண்டாப் பிரியுங்கோ. நான் பின்பக்கத்தால வாறன். ரெண்டு மூலையாலயும் ரெண்டு கயிறு தருவன். கட்டையில சுத்த வேண்டாம், கையால இழுங்கோ. கரைவலை மாதிரி, ஒரு பக்கம் கூடாம குறையாம.”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு.

“இத முதல்லயே சொல்லியிருக்கலாமே புள்ள.”

போனை வைத்ததும் எனக்குள் ஒரு துள்ளல். போனது போகட்டும், இந்த ஒரு தடவையாவது என் விருப்பப்படி கட்டிவிட்டுப் போகிறேன் என்ற வெறி. பாயை முன்னரே சுருட்டியிருந்தோம். கரையை விட்டு நல்ல தூரம் தள்ளிப் போய், முதுகைக் கரைக்குக் காட்டித் திருப்பினேன்.

“போடுங்கோ அண்ணை.”

நங்கூரம் தொபுக்கென்று விழுந்தது. சங்கிலி கடகடவென்று ஓடியது. பின்னுக்கு எடுத்தேன், மெல்ல, மெல்ல. கொஞ்சத் தூரத்தில் சங்கிலியை நிறுத்தச் சொல்லி, எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்துப் பார்த்தேன். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் நின்ற பள்ளி மினாராவையும் குறி வைத்தேன். இரண்டும் விலகினால் நங்கூரம் உழுகிறது என்று அர்த்தம். விலகவில்லை. நல்ல சேற்று நிலம், கவ்விவிட்டது.

“பிடிச்சிட்டுது தங்கச்சி,” என்று ரஜீவன் அண்ணை முன்னாலிருந்து கத்தினார். ஹாஜியார் பக்கத்தில் நிற்பதையே மறந்துவிட்டார்.

ரஜீவன் அண்ணை சங்கிலியை விட்டு வர முடியாது. எனக்கு ஒரு கைதான் ஓய்வு. இரண்டாவது கயிற்றை யார் எறிவது என்று நான் திரும்பிப் பார்க்க, அஸாம் தலைப்பாகையைக் கழற்றித் தாயின் மடியில் வைத்துவிட்டு எழும்பினார்.

“தாங்க அக்கா. நான் கிரிக்கெட்டில பந்து போடுறனான்.”

“மாப்பிள்ளை கடலுக்க விழுந்தா நான் பொறுப்பில்லை.”

“விழுந்தா நீந்திப் போய்க் கலியாணம் முடிக்கிறன்.”

இடப்பக்கக் கயிற்றை அவர் எறிந்தார், வலப்பக்கத்தை நான். அவருடையது ஒரு பெரியவரின் தொப்பியைத் தட்டிக்கொண்டு விழுந்தது. ஜெட்டியில் ஒரே ஆரவாரம். சம்மாட்டி நடுவில் வந்து நின்று இரண்டு கையையும் விரித்தார். இடது கை உயர்ந்தால் இடப்பக்கத்தார் இழுத்தார்கள், தாழ்ந்தால் தளர்த்தினார்கள். யாரோ அம்பாப் பாட்டைத் தொடங்க, வலை இழுக்கிற அதே தாளத்தில் றபானும் சேர்ந்துகொண்டது. காலைத் தூக்கி, ஊன்றி, சாய்ந்து, ஒரு இழுவை. பிறகு இன்னொன்று. மர்ஜான் ஒரு பக்கம் கோணப் பார்க்கும், நான் வாய் திறப்பதற்குள் சம்மாட்டியின் கை தாழும், படகு நேராகும். எஞ்சினைச் சும்மா விட்டுவிட்டேன். இவ்வளவு சொன்னபடி கேட்டு எந்தப் படகும் எனக்கு வந்ததில்லை. சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

“விடுங்கோ அண்ணை. விடுங்கோ. இன்னும் கொஞ்சம். நிப்பாட்டுங்கோ.”

சங்கிலி விறைத்தது. மர்ஜான் நின்றது. கொங்கிறீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு நீட்டுப் பலகை வைக்கிற இடைவெளி. இழுப்பாட்கள் இன்னும் இழுத்தார்கள், படகு அசையவில்லை. மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“இனிக் கட்டையில கட்டுங்கோ,” என்றேன். கட்டினார்கள்.

பலகையில் அஸாம் இறங்கினார், குரவை வானத்தைப் பிளந்தது. எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. கப்டன் என்ற பெயர் இன்னும் கொஞ்ச நேரத்துக்குத்தான், அதைச் சுக்கானுக்குப் பக்கத்திலேயே கழிப்போம் என்று நின்றேன்.

பெண் வீட்டார் ஜெட்டியிலேயே கதிரை போட்டு வைத்திருந்தார்கள். பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பது அவர்கள் குடும்ப வழக்கம். கழுவிய மச்சானின் விரலில் மாப்பிள்ளை ஒரு மோதிரம் போட வேண்டும். ஸாஜித் இடது கையாலேயே தண்ணீர் வார்த்தான். அஸாம் மோதிரத்தை எடுத்து அவனுடைய வலது கையைப் பிடித்தார். மோதிரம் போகவில்லை. திருப்பிப் பார்த்தார், அப்போதும் போகவில்லை.

“மாப்பிள்ள அளவு எடுக்காம வாங்கிட்டார்,” என்று பெண்கள் பக்கம் சிரிப்பு எழும்பியது.

“அளவு சரிதான் மச்சான். விரல்தான் இப்ப வீங்கின,” என்று ஸாஜித் கையை உயர்த்திக் காட்டினான். இரண்டு விரலிலும் கயிறு பதிந்த தடம், கத்தரிக்காய் நிறத்தில், நான் நின்ற இடத்துக்கே தெரிந்தது. “கயிறு என்ட கையை இரும்போட சேத்து அமத்திட்டு. அந்த அக்கா கப்பலப் பின்னுக்கு எடுத்திருந்தா, மோதிரம் போட விரல் இருந்திருக்காது. என்ட முகத்தப் பாத்துட்டுத்தான் முன்னுக்கு வந்தாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. ஹாஜியார் அஸாமுக்குப் பக்கத்தில்தான் நின்றார். அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு மர்ஜானின் மூக்கைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். கோபம் இன்னும் இருந்தது, அழுகையும் இருந்தது.

யாரோ தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார்கள். சுண்டுவிரலில் மோதிரம் ஏறியது, குரவை மறுபடி தொடங்கியது. அந்தச் சத்தத்தில் ஹாஜியார் ஒதுங்கிப் போய்ப் போனில் கதைத்தார். பிறகு பலகைக்கு முன்னால் வந்து நின்றார். செருப்பைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

“காலிக்காரர வர வேணாம் எண்டுட்டன்.”

நான் காலடியில் கிடந்த கயிற்றைச் சுருட்டினேன்.

“நாளைக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் நம்மட ஊட்டுக்கு விருந்துக்கு வரணும். எத்தின மணிக்கு வெளிக்கிடலாம்?”

“காலமை. கச்சான் எழும்ப முதல்,” என்றேன். காற்று, தூசி என்று சாட்டுச் சொல்ல மாட்டேன், அழுதேன்.

இது இத்தோடு முடிந்திருந்தால் ஹாஜியார் நல்ல மனிதர் என்று நானும் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன். நிக்காஹ் முடிந்து, சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேராக இருந்து சாப்பிடத் தொடங்கியதும், ஆண்கள் பக்கத்திலிருந்து அவருடைய குரல் திரைச்சீலையைத் தாண்டி வந்தது.

“நான் அந்தப் பொடியன்ட கையக் கண்டுட்டன். கண்ட உடனே கப்டனுக்குச் சொன்ன, றிவேர்ஸ் போடாதீங்க, பெயின்ட் போனாப் போகட்டும், முன்னுக்கு எடுங்க எண்டு.”

எனக்கு உச்சியில் ஏறியது. எழும்பப் போனேன். பக்கத்தில் இருந்த ஜெமீலா மாமி என் முழங்காலை அமத்திப் பிடித்து, ஒரு பெரிய துண்டு வட்டிலாப்பத்தை என் வாயில் திணித்தார்.

“என்ட நானா அப்பிடித்தான் மகள். நீங்க தின்னுங்க.”

தின்றேன். வட்டிலாப்பம் நல்ல இனிப்பு. மர்ஜானின் சாவி என் மடியில் கிடந்தது.